வெளிக்கதவில் மிங்கோ

வேலிகாவிடம் இந்த வீட்டை வாங்கியபோது, அவள் விட்டுப்போன சாமான்களை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாய், சுட்டுத் தோலுரித்த மிளகாய் ஜாடிகள், ஆணியில் ஒரு பஸ் டிரைவர் தொப்பி. அக்டோபர் கடைசியில் வரும் டிமிதர் திருநாளுக்குள் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சுக்கும் அந்த நாள்தான் கெடு. சொன்னபடி வந்தாள். பீப்பாய் வீட்டோடு சேர்ந்தது என்று நான் சொல்ல, என் மாமியார் கொடுத்தது என்று அவள் சொல்ல, அரைநாள் மல்லுக்கு நின்றோம். கடைசியில் பீப்பாயும் தொப்பியும் அவளோடு போயின. ஜாடிகளை மட்டும் விட்டுவிட்டாள். என் மனைவி தெமெனுகா வாயும் வயிறுமாக இருந்தாள், அவள் சாப்பிடட்டும் என்று.

ஜாடிகளைத் தவிர அவள் எடுத்துப் போகாதது ஒன்றே ஒன்று. வெளிக்கதவில் ஒட்டியிருந்த அவள் புருஷன் மிங்கோ.

எங்கள் ஊரில் செத்தவர் முகம் இல்லாத கதவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போட்டோ, பெயர், எத்தனை வருஷமாயிற்று என்ற ஒரு வரி, கீழே 'குடும்பத்தார்'. நாற்பதாம் நாள், அரை வருஷம், ஒரு வருஷம் என்று புதுப்புது அஞ்சலித் தாளாக ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அவரவர் செத்தவரை அவரவர் கதவில் ஒட்டுவதுதானே முறை? வீட்டை விற்ற பிறகும், ஒன்றரை வருஷம் ஆனதென்று நவம்பரில் வந்து என் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். போகட்டும் என்று விட்டேன்.

அவள் கதை ஊருக்கே தெரியும். ரூசே நகரத்துக்குப் போகும் பஸ்ஸை மிங்கோ ஓட்டினார், வேலிகா டிக்கெட் கொடுத்தாள். ஒருமுறை பனியில் பஸ் மாட்டிக்கொண்டு பகல் முழுக்க நின்றதாம். அவள் அம்மாவுக்கென்று வாங்கி வைத்திருந்த மிளகாய் ஜாடியைத் திறந்து பயணிகளுக்கெல்லாம் பங்கிட்டாளாம். தனக்கு எதுவும் மிஞ்சாமல் நின்றவளுக்கு மிங்கோ தன் பங்கைக் கொடுத்தார். அடுத்த மாதம் கல்யாணம். பஸ் நிறுத்தத்துக்கு நேரெதிரே இந்த வீட்டை வாங்கினார்கள். இருபத்தாறு வருஷம் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அவர் போன பிறகு மகள் ரூசேயில் தன் ஏழாவது மாடிக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

மார்ச்சில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தெமெனுகா வாசலிலேயே நின்றுவிட்டாள். பச்சைக் குழந்தையோடு செத்தவர் முகத்துக்கு நேராக நுழையமாட்டாளாம். அவளைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டுக் கரண்டியால் சுரண்டினேன். மே மாதம் இரண்டாம் வருஷத் தாளோடு வேலிகா வந்தாள். அவள் ஒட்டினாள், நான் சுரண்டினேன். பஸ் டிரைவர்கள் கோள் சொல்ல, மறுவாரமே மறுபடி வந்து ஒட்டினாள். இப்படியே மூன்று முறை. அந்தத் தாளில் உள்ள எழுத்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

ரூசேயில் உன் மாடியிலேயே ஒட்டிக்கொள்ளேன் அத்தை என்று கேட்டுப் பார்த்தேன்.

"அங்க யாருக்கு அவரைத் தெரியும்? லிஃப்டுக்கா?" என்றாள்.

நானும் விடவில்லை. நான் வெல்டர். இரும்பில் கம்பிக் கதவு ஒன்றை அடித்து மாட்டினேன், தாள் ஒட்ட இடமே இல்லாதபடி. கடைசியாக அவள் ஒட்டிய தாளோடு பழைய மரக்கதவைக் கழற்றிக் கொட்டகையில் சாத்தினேன். உடனே அந்தக் கதவு என்னுடையது, கொடு என்று வந்து நின்றாள். ஏழாவது மாடியில் கதவை வைத்து என்ன செய்வாய் என்றேன். அது உனக்கெதற்கு என்றாள். எனக்கும் வீம்பு. விவகாரம் ஊர்த் தலைவரிடம் போனது. அவர் பத்திரத்தை விரித்துப் படித்தார். வீடும் அதில் நிலையாகப் பொருத்தியிருந்த எல்லாமும் வாங்கியவருக்கே. கதவு கீலில் பொருத்தியிருந்தது, ஆகவே லோசானுக்கு. லோசான் நான்தான்.

வேலிகா எழுந்து நின்றாள். "அவரையும் அதுலதானே ஒட்டியிருந்தேன். அப்ப அவரையும் சேத்துத்தான் வித்தேனா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெயித்தவன் நான். வீட்டுக்கு வந்தால் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் என் கதவுப் பக்கமே வரவில்லை. பஸ் நிறுத்தத்தை ஒட்டி நின்ற மின்கம்பத்தில் ஒட்டினாள். வருஷத்துக்கு இரண்டு முறை, மாவுக் கோந்து ஜாடியோடு இறங்குவாள். ஒட்டுவாள், அதே பஸ் திரும்பி வந்ததும் ஏறிப் போய்விடுவாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். போய் ஒரு காபி குடிக்கக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கூப்பிட்டதில்லை.

மே மாதம் நாலாம் வருஷத் தாளை ஒட்டிவிட்டுப் போனாள். அந்த இலையுதிர் காலத்தில் அவள் இடுப்பெலும்பு முறிந்தது. நவம்பரில் வரவில்லை. அதற்கு முன்பே மின்சாரக்காரர்கள் கம்பத்தை மாற்றிவிட்டார்கள். பழைய கம்பத்தோடு மிங்கோவும் லாரியில் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. குழந்தை எப்படி, மிளகாய் சுட்டீர்களா என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டாள்.

"லோசான், அவரு இருக்காரா?"

"இருக்காரு, அத்தை."

"ஓரம் கிழிஞ்சிருக்கா? அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி."

"கிழியல. அப்படியே இருக்காரு."

குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் அவள் கேட்டாள், ஞாயிறுதோறும் நான் புளுகினேன். ஒருமுறை மழைக்கு மேலே நெகிழி உறை போட்டிருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். ஏப்ரல் கடைசியில் அவள் சொன்னாள், ஐந்தாம் வருஷத்துக்கு மகள் கூட்டிவருகிறாளாம், கோலூன்றி நடக்க முடிகிறதாம்.

கொட்டகைக்குப் போய்ப் பழைய கதவை வெளிச்சத்துக்கு இழுத்தேன். மிங்கோ பழுப்பேறிப் போயிருந்தார், முகம் மட்டும் நன்றாகவே இருந்தது. ஈரத்துணி போட்டு மெல்ல உரித்தேன். சுரண்டிப் பழகிய கைக்கு அது சுலபமாக வரவில்லை. அதை அச்சகத்துக்குக் கொண்டுபோய், வருஷத்தை மட்டும் ஐந்தாக்கி, மற்ற எழுத்தையெல்லாம் நானே சொன்னேன், ஒரு வார்த்தை பிசகாமல். கீழே யார் பெயர் போடுவது என்று அங்கிருந்த பெண் கேட்டாள். குடும்பத்தார் என்றே போடச் சொன்னேன்.

கம்பிக் கதவில் ஒரு தகரத் தகட்டை வைத்துப் பற்றவைத்தேன். தாளைத் தெமெனுகாதான் பிடித்துக்கொண்டாள். மூன்று வயது மகள், இது யார் என்று கேட்டாள். "பஸ் தாத்தா. இவரு இங்கதான் இருந்தாரு" என்றாள் தெமெனுகா.

மே பதினாலாம் தேதி வேலிகா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மகளின் கையில் கோந்து ஜாடி இருந்தது. முதலில் கம்பத்தைத்தான் பார்த்தாள். அது புத்தம் புதுசாக, வெறுமையாக நின்றது. பிறகு திரும்பினாள்.

சாலையைக் கடந்து வர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. தாளை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். போட்டோவில் அவர் கன்னத்தை விரலால் தடவினாள்.

"கோந்து பத்தல" என்றாள். ஜாடியை வாங்கி, தூக்கியிருந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "இவ்வளவு நாளா கம்பத்துலதான் இருந்தாரா, லோசான்?" என்றாள்.

உள்ளே வா அத்தை, காபி போட்டிருக்கு என்றேன். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டிருக்க வேண்டும்.

"அப்புறம் வரேன். ஒட்டுவேன், பஸ் வந்துடும், ஓடுவேன். ஒருநாள் கூட அவரை உக்காந்து பாத்ததில்ல."

திரும்பவும் சாலையைக் கடந்து, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பையிலிருந்து, தான் அச்சடித்துக் கொண்டுவந்த தாளை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். பஸ் வந்து நின்று அவளை மறைத்தது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நீ போப்பா என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த பஸ்ஸிலும் அவள் ஏறவில்லை.