ஜாயிண்டரைப் பற்றி நான் எழுதிய ஒரு வார்த்தை

குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டெஸ்ட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருப்பார். எங்கள் கேபிள் ஜாயிண்டரை, மண்ணுக்கடியில் டெலிபோன் கம்பிகளை இணைக்கிறவரை, நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த முகம்தான். மேலே பிள்ளையார்பாளையத்துத் தெருவில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போகும், தறிக்குப் பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டுகிறவர்கள் "ஒதுங்குப்பா, ஒதுங்கு" என்று கத்துவார்கள். அவர் காதில் ஒன்றும் ஏறாது. கறுப்பு உறையைக் கிழித்துப் பரப்பிய கேபிளின் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொடுவார். எக்ஸ்சேஞ்சிலிருந்து விடுகிற சத்தம் எந்தக் கம்பியில் கேட்கிறதோ அதைப் பிடித்ததும் தலையை ஒரு தரம் ஆட்டுவார். "கண்ணு பொய் சொல்லும்மா, காது சொல்லாது" என்பார். நாள் ஒன்றுக்கு நாலு முறையாவது சொல்வார். எனக்கு அப்போது அது வெட்டிப் பெருமையாகத்தான் பட்டது.

நான் அப்போது காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இளநிலை அதிகாரி. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் போயிருக்கும். வீட்டுக்கு ஏற்கெனவே போயிருக்கிற டெலிபோன் கம்பியிலேயே பிராட்பேண்டும் கொடுக்கலாம் என்று எங்கள் இலாகா ஆரம்பித்த புதிது. அதற்காக அலமாரி போல ஒரு டி.எஸ்.எல். கருவி வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். எனக்கு வயது இருபத்தேழு, கோபம் மூக்கு நுனியில். சின்ன காஞ்சிபுரத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள், தப்பு என்றால் சிவப்பு மையில் சுழித்துப் பழக்கம். ஜாயிண்டருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. "ஜாயிண்டர்" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னை மற்றவர்கள் எதிரில் "மேடம்" என்பார், குழிக்குள் இருக்கும்போது மட்டும் "அம்மா".

பிராட்பேண்ட் கேட்டு ஊரே வரிசையில் நின்றது. கொடுத்த பிறகுதான் வம்பு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெண் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு சேலைக் கரைக்கு டிசைன் போட்டுத் தந்துகொண்டிருந்தாள். பெங்களூருக்கும் சேலத்துக்கும் படத்தை அனுப்ப வேண்டியவள். தினமும் காலை ஒன்பதரைக்குப் போன் வரும். "இன்னாம்மா உங்க பிராட்பேண்டு? மோடத்துல லைட்டு எரியுது, அணையுது, எரியுது, அணையுது. பொங்கலுக்குப் போட்ட சீரியல் செட்டு மாதிரி இருக்குது. பாதிப் படம் போவுது, மீதி நிக்குது." டெலிபோன் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "அது கண்ணாடி மாதிரி கேக்குதும்மா, அதுலதான உங்கள திட்டிக்கினு இருக்கேன்" என்பாள். ஆள் போய்ப் பார்ப்பார், மோடத்தை மாற்றுவார், வயரை மாற்றுவார், மறுநாள் அதே ஒன்பதரை. அவள் மட்டும் இல்லை, அந்தப் பேட்டையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் இதே பாட்டு.

ஒரு மத்தியானம் புகார் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புகார் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கேபிளில் எத்தனையாவது ஜோடிக் கம்பி போகிறது என்று எழுதினேன். பதின்மூன்று, இருபத்துநாலு, முப்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, எழுபத்துமூன்று. எல்லாமே மூன்றிலோ நாலிலோ எட்டிலோ ஒன்பதிலோ முடிந்தன. ஒன்று, இரண்டு, ஐந்தில் முடிகிற ஒரு வீட்டிலிருந்தும் புகார் இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இணைப்புப் போட்ட இடத்தில் ஜோடி மாறியிருக்கிறது. மூன்றாம் ஜோடியின் ஒரு கம்பியும் நாலாம் ஜோடியின் ஒரு கம்பியும் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போகின்றன. பேச்சு முரட்டுப் பிள்ளை, எந்தக் கம்பியில் விட்டாலும் ஓடிப் போய்ச் சேரும். பிராட்பேண்ட் அப்படி இல்லை. ஒன்றோடொன்று முறுக்கி வைத்த சொந்த ஜோடி அதற்கு வேண்டும், இல்லையென்றால் பக்கத்துக் கம்பியின் இரைச்சலெல்லாம் உள்ளே வந்துவிடும்.

அந்தப் பேட்டைக் கேபிளில் நாலு குழிகளில் இணைப்பு இருந்தது, நாலையும் போட்டது யார் என்று பார்த்தேன். ஜாயிண்டர். நாலும் அவரே. எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு அனுபவம் உள்ள மனுஷன், கம்பியில் நிறம் போட்டுக் கொடுத்திருக்கிறது, அதைப் பார்த்துச் சேர்ப்பதற்கு என்ன கேடு? குழிக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் வேறு என்ன ஆகும்? அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கார்ந்த சூட்டிலேயே மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். "பணியில் அலட்சியம்" என்று எழுதி, அந்த வார்த்தையின் கீழ் ஒரு கோடும் போட்டேன். தபால் அன்று மாலையே போய்விட்டது. எனக்கு அன்றைக்கு நல்ல பசி, நன்றாகச் சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை ஜாயிண்டரையும் கூட்டிக்கொண்டு முதல் குழிக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. குழிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் உறையைத் திறந்தார். நான் குனிந்து பார்த்தேன், நினைத்தது சரி. மூன்றாம் ஜோடியில் வெள்ளையோடு முறுக்கியிருக்க வேண்டிய பச்சைக் கம்பி ஒரு பக்கம், அதன் இடத்தில் நாலாம் ஜோடியின் பழுப்புக் கம்பி; எட்டிலும் ஒன்பதிலும் அதே பச்சை, பழுப்புக் குழப்பம். "பார்த்தீங்களா? அந்தப் பச்சையை எடுங்க" என்றேன். அவர் பழுப்பை எடுத்தார். "பச்சைன்னேன்." அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். அது சிவப்பு. நான் கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். அவை ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தன. அவர் நிமிரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எதும்மா பச்சை?" என்று கேட்டார்.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கிக் குழியின் விளிம்பில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவராகத்தான் சொன்னார், கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பிறந்தது அதே பேட்டையில், நாலாவது தெருவில், தறிக்காரர் வீட்டில். வெள்ளையும் மஞ்சளும் நீலமும் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவருக்கு ஒரே மண் நிறம். பதினாறு வயதில் தறியில் உட்கார்ந்தபோது அரக்குச் சிவப்பில் கரை நெய்ய வேண்டிய இடத்தில் பச்சைப் பட்டைப் போட்டு ஒரு முகூர்த்தச் சேலையைப் பாழாக்கியிருக்கிறார். "எங்கப்பா பாவு கோலாலயே அடிச்சாரும்மா. சினிமா ஞாபகத்துல நெய்யறான், அலட்சியம்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. எனக்குத் தெரியலன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல." அதன் பிறகு தறிப் பக்கமே போகாமல், டெலிபோனுக்குப் பள்ளம் வெட்டுகிற கூலியாளாக வந்து சேர்ந்திருக்கிறார். அந்தக் காலத்துக் கேபிளில் கம்பிகளுக்குக் காகிதம்தான் சுற்றியிருக்கும், நிறமே கிடையாது. எல்லோருமே எண்ணியும் காதால் கேட்டும்தான் சேர்த்தார்கள். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அப்புறம் பிளாஸ்டிக் கேபிள் வந்தது, கலர் கலராக. ஒரு முனையில் மாறிப் போனாலும் மறுமுனையில் சத்தத்தைக் கேட்டுச் சரியான வீட்டுக்குச் சேர்த்துவிடுவார். போன் பேசியது, யாரும் எதுவும் கேட்கவில்லை, பிராட்பேண்ட் வருகிற வரைக்கும்.

"ஏன் ஜாயிண்டர் இதை யார்கிட்டயும் சொல்லல?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. "சொன்னா? கேபிள்லேர்ந்து தூக்கிக் கேட்டுல வாட்ச்மேனா உக்கார வெப்பாங்க. அதுகூடப் போவட்டும். பட்டு ஊருல, தறிக்காரன் வூட்டுப் புள்ளைக்குக் கலரு தெரியாதுன்னா சிரிப்பா சிரிக்கும்மா. எம் பொஞ்சாதிக்கே தெரியாது." அப்போதுதான் எனக்கு நேற்றைய கடிதம் ஞாபகம் வந்தது. ஒளிக்காமல் சொன்னேன். அவர் கம்பிகளை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "கலர் சொல்லுங்கம்மா, வேலைய முடிப்போம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அந்த நாலு குழிகளில்தான் இருந்தோம். நான் மேலே உட்கார்ந்து நிறம் சொல்வேன், அவர் கீழே சேர்ப்பார். தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கிழவர், "இன்னாம்மா, மளிகை லிஸ்ட்டு படிக்கிறியா?" என்று கேட்டார். வேலையின் நடுவிலேயே ஜாயிண்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உறையைக் கிழித்ததும், முறுக்கைப் பிரிப்பதற்கு முன்பே, ஒவ்வொரு ஜோடியையும் கழிவுப் பட்டு நூலால் ஒரு கட்டுக் கட்டிவிடுவார். கட்டை அவிழ்க்காமலே சேர்த்தால் ஜோடி மாற வழியில்லை. மூன்றாவது குழியிலிருந்து நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த டிசைன்காரப் பெண்ணிடமிருந்து போன் வரவில்லை. பத்து மணிக்கு நானே கூப்பிட்டேன். "லைட்டு அசையாம நிக்குதும்மா. திட்ட ஆளில்லாம போரடிக்குது" என்றாள்.

கடிதம் மட்டும் நிற்கவில்லை. திரும்ப வாங்கப் பார்த்தேன், பதிவாகிவிட்டது, விளக்கம் எழுதுங்கள் என்று பதில் வந்தது. எனக்கு முன்னால் இரண்டே வழி. உண்மையை எழுதினால் அலட்சியம் என்கிற பழி போகும், ஆனால் டாக்டர் பரிசோதனை, கேபிள் வேலைக்குத் தகுதியில்லை என்ற உத்தரவு, ஊர்ப்பேச்சு எல்லாம் வரும். எழுதாவிட்டால் அவர் பணிப் பதிவேட்டில் காலத்துக்கும் அழியாமல் அந்த வார்த்தை ஏறும். நான் உண்மையை எழுதுகிறேன் என்றேன். வாதாடினேன், கடைசியில் அழுதுவிட்டேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். அவர் அசையவில்லை. "அலட்சியம்னே இருக்கட்டும்மா. எனக்கு அது பழகின பேருதான்" என்றார். கோளாறு சரிசெய்யப்பட்டது என்று மட்டும் எழுதினேன். கண்டனம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அன்று மத்தியானமே தாமல் பக்கம் கேபிள் அறுந்ததைச் சேர்க்கப் போய்விட்டார்.

சில வருடம் கழித்து, நான் சென்னைக்கு மாற்றலாகிப் போன பிறகு, அவர் ஓய்வு பெற்றார். விழாவுக்கு வந்திருந்தேன். மேலதிகாரி அவருடைய பணிப் பதிவேட்டைப் புரட்டியபடியே பேசினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரே ஒரு கறை, அலட்சியம்னு. எழுதினதும் யாரு? இங்க முன் வரிசையில உக்காந்திருக்காங்களே, நம்ம மேடம்தான்!" கூடம் சிரித்தது. ஜாயிண்டரும் மாலையோடு சிரித்தார். என்னால் முடியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு போய் ஒரு பயம் வந்ததைப் பார்த்தேன். இவள் சொல்லிவிடப் போகிறாள் என்ற பயம். "நான் எழுதினது தப்பு" என்றேன். "விசாரிக்காம ஆத்திரத்துல எழுதினேன். இவர் கையில அலட்சியம் கிடையாது. பிள்ளையார்பாளையத்துல இவர் போட்ட நாலு ஜாயிண்ட்லயும் அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் இல்ல." காரணம் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஜாயிண்டர் தன் மனைவியை எனக்குக் காட்டினார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா சொன்னீங்கம்மா. ஆனா வூட்டுல வந்து பாருங்க, அலட்சியமா இல்லயான்னு! எங்க சித்தப்பா கடையில எனக்குன்னு ரெண்டு பொடவ எடுத்து வெச்சிருந்தாரு. இன்னிக்குக் கட்டிக்கணும், அரக்குக் கலர எடுத்தாங்கன்னு இவர்கிட்ட சொல்லி அனுப்பினேன். இதோ பாருங்க, பச்சையத் தூக்கிக்கினு வந்துட்டாரு. எதச் சொன்னாலும் காதுலயே வாங்கறதில்ல."

நான் வழக்கம்போல வாயைத் திறக்கப் போனேன். ஜாயிண்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அலட்சியம் இல்ல மே" என்றார் மனைவியைப் பார்த்து. "எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார், கட்டியிருந்த சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று புரிந்தது. தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அழப்போகிறாரா, திட்டப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப முப்பது வருசமா நான் எதக் கட்டினாலும் நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னு சொன்னியே, அது?"

"நல்லாத்தான் மே இருந்துச்சு."