கரண்டியின் பின்பக்கத்துப் பெயர்

லண்டனில், டூட்டிங்கில் இருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு வயதான அமெரிக்க அம்மாவின் வீட்டுக்குத் துப்பரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் என்னையும் பக்கத்தில் இருத்தித் தேநீர் தருவார். அந்தத் தேநீருக்கு இன்றைக்கும் மனம் ஏங்கும்.

அவரிடம் ஆறு பழைய வெள்ளித் தேக்கரண்டிகள் இருந்தன. இங்கிலாந்து வெள்ளியில் சிங்க முத்திரை இருக்கும். இவற்றில் காம்பின் பின்பக்கம் செய்தவரின் பெயர் மட்டும்தான் பொறித்திருந்தது. அந்தத் தட்டார் இவருடைய பாட்டனுக்குப் பாட்டன். அந்தக் காலத்து அமெரிக்காவில் வெள்ளிக்காசுகளை உருக்கிக் கரண்டி அடிப்பார்களாம். படமோ கடிதமோ இல்லை, அவருடையதென்று மிஞ்சியது அந்தப் பெயர்தான். தேநீரைக் கலக்கிவிட்டு அதைப் பெருவிரலால் தடவி, "இருக்கிறார்" என்பார்.

கடையில் விற்கும் பொலிஷில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிச் சாமான்களைத் திருநீறு போட்டுத்தான் மினுக்குவோம். அந்தக் கரண்டிகளையும் அப்படியே மினுக்கினேன், வருடக்கணக்காக, கிழமை தவறாமல். எழுத்துகளுக்கிடையில் கறுப்புப் படிகிறதென்று அந்த இடத்தை மட்டும் பல் தீட்டும் பிரஷால் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய பெருவிரல் காம்பில் போய்ப்போய் வந்தது. ஆறு கரண்டிகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"என் விரலும் மரத்துப்போய்விட்டது. அவரைக் காணவில்லை" என்றார்.

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த இடம் வழவழவென்று இருந்தது. மற்ற ஐந்தையும் திருப்பிப் பார்த்தேன். நான் தேய்த்த தேய்ப்பில் ஒன்றிலும் பெயர் மிஞ்சவில்லை.

"இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அழுதேன். "உள்ளதைச் சொல்லிப்போடும். அந்த மனிசி உம்மோட கோவிக்காது" என்றார். கோவிக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும். ஆனால் சொன்னால் பாட்டனே போய்விடுவார். சொல்லாவிட்டால் விரல்தான் மரத்துப்போனதென்ற நினைப்போடு முடிந்துவிடும். நான் சொல்லவில்லை. அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கரண்டியை என்னிடம் நீட்டி, வாசிக்கச் சொல்வார். வெறும் வெள்ளியைப் பார்த்துக்கொண்டு, பெயரை எழுத்தெழுத்தாக வாசிப்பேன். அவர் தலையாட்டிக் கேட்பார். அவர் சாகும்வரை வாசித்தேன்.

கரண்டிகள் இப்போது யாரிடம் இருக்கின்றனவோ தெரியாது. திருப்பிப் பார்த்தால் யார் செய்ததென்று அவர்களுக்கு விளங்காது. எனக்கு மட்டும் அந்தப் பெயர் மனப்பாடம்.