களனிப் பாலத்தைப் பார்க்கப் போன கதை

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறினோம், நானும் மச்சாள் சுகந்தியும். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதம்தான். தொழில்நுட்பப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பால வகைகளை, ஒன்றையும் நேரில் பாராமல் பாடமாக்கியிருந்தாள். ஆறே இல்லாத ஊர்க்காரி, பாவம், வேறென்ன செய்வாள்? யுத்த காலம், பாலத்துக்கெல்லாம் ராணுவக் காவல். அதற்காகப் பாலத்தைப் பார்க்கவும் கூடாதா? எனக்குக் கோபம் வந்தது. களனி ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன்.

பம்பலப்பிட்டிக்கு முன்னால் கால்வாயைக் கடந்தோம். "இது உத்தரப் பாலம். பலகையை ரெண்டு கல்லில வைச்ச மாதிரி. நடுவில ஏறினா மேல்பக்கம் நெரிபடும், அடிப்பக்கம் இழுபடும்" என்றேன்.

"அப்ப நீளம் கூடினா?"

"தொய்யும். அதுதான் இடையில தூண்."

கொட்டாஞ்சேனையில் இறங்கித் த்ரீவீலர் பிடித்தோம். ஓட்டிய முஸ்லிம் நானா எங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"புள்ள, செக்பொயின்ட்ல என்னத்த வேணும்டாலும் பேசுங்க. பாலம் என்டு மட்டும் சொல்லாதீங்க. சிங்களத்துலயும் அது பாலமதான்."

கொழும்பில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. நாங்கள் பேசும் தமிழில் காவலுக்கு நிற்பவனுக்கு விளங்கக்கூடிய ஒரே சொல், சொல்லக்கூடாத சொல்!

பாலத்தடி செக்பொயின்டை நோக்கி வாகன வரிசை ஊர்ந்தது. தூரத்தில் இரும்பு ரயில் பாலம் தெரிந்ததும் சுகந்தி தன்னை மறந்தாள். "மச்சாள், அந்தப் பாலத்தில ஏன் இவ்வளவு முக்கோணம்?"

பக்கத்தில் நின்ற சிப்பாய் குனிந்தான். "பாலம கென மொனவத கத்தா களே?" பாலத்தைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று கேட்டபடி அடையாள அட்டைகளை வாங்கினான். அவளுடையதில் யாழ்ப்பாண விலாசம். அதற்காகவே அவளைக் கொண்டுபோய் உள்ளே வைக்கலாம், பரீட்சையும் போய்விடும்.

"எப்படி விழாமல் நிற்கிறது என்று பேசினோம். அவளுக்குப் பரீட்சை" என்று சிங்களத்தில் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்படியானால் அவளே சொல்லட்டும்."

சுகந்திக்குச் சிங்களம் வராது. அவள் இறங்கினாள். விரல்களால் முக்கோணம் பிடித்துத் தமிழிலேயே தொடங்கினாள். "அந்தப் பாலம் முக்கோணத்தால நிக்குது. முக்கோணம் கோணாது. வளைவுப் பாலம் பாரத்தை ரெண்டு கரைக்கும் தள்ளும். தொங்கு பாலம் கம்பியில இழுத்துப் பிடிக்கும்." ஒவ்வொரு 'பாலமும்' முன்னதைவிட உரத்து வந்தது.

சிப்பாய் அவள் விரல்களையே பார்த்தான். பிறகு அட்டைகளை நீட்டி, "நிற்காமல் போங்கள்" என்றான்.

நானா அக்சிலேட்டரை ஒரே முறுக்காய் முறுக்கினார். பாலம் தாண்டிப் பேலியகொடை வந்தது.

"திரும்பிப் போகேக்க வேற வழி இருக்கா, நானா?" என்று கேட்டேன்.

சுகந்தி முந்திக்கொண்டாள். "வேண்டாம் மச்சாள். இந்தப் பாலத்தாலயே போவம். தூணை நான் இன்னும் வடிவாப் பாக்கேல்ல."