இளவரசருக்கு அயன் பண்ணச் சொல்லிக்கொடுத்தவன்

எண்பதுகளின் நடுவில் லண்டனில், ஸ்ட்ரெதமில் நானும் என் நண்பனும் ஒரே அறையில் இருந்தோம். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்கள். எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. அவனுடைய அகதி விசாரணை இன்னும் நடக்கவில்லை. அதில் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாணவர் விடுதி ஒன்றில் அவன் துப்புரவு வேலை செய்தான். ஜப்பானிய அரச குடும்பத்துப் பையன் ஒருவர் அங்கே தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். அரியணைக்கு வெகு தூரத்தில் இருந்தவர்தான், ஆனாலும் இளவரசர் இளவரசர்தானே. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடவும் ஆள் வைத்து வளர்த்த பிள்ளையை, சாதாரண வாழ்க்கையைப் படித்துவிட்டு வா என்று லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் படிப்பு எங்களுக்கு வேண்டிய மட்டும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு இளவரசர் தானே முட்டை அவிச்சவர்" என்று வந்து சொல்லுவான். நான் சிரிப்பேன். அவன் சிரிக்கமாட்டான். இளவரசர் படித்தது வரலாறு. இவனும் ஊரில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவன்தான். இராணுவம் பிடித்துக்கொண்டு போனதோடு அந்தப் படிப்பு முடிந்தது.

ஒருநாள் விடுதியில் இளவரசர் அயன் பெட்டியால் சட்டையைக் கருக்கிவிட்டு விழித்துக்கொண்டு நின்றாராம். நண்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தான். முதலில் கொலர், பிறகு கை, கடைசியில் முதுகு. என்ன படிக்கிறீர்கள் என்று அவர் கேட்க, வரலாறு என்று இவன் சொன்னான். அவர் குனிந்து வணங்கினாராம்.

"கிழிஞ்ச ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் மச்சான், இளவரசரெண்டு ஒருத்தரும் மட்டுப்பிடிக்கக் கூடாதெண்டு. நாங்கள் போட்டால் பிச்சைக்காரர்" என்றான்.

விசாரணைக்கு முதல்நாள், பலரை இப்படி அழைத்துப்போன கீழ்வீட்டு அண்ணை படித்துப் படித்துச் சொன்னார். "தம்பி, பழைய உடுப்போட போ. சட்டையைக் கழட்டி முதுகைக் காட்டு." இராணுவ முகாமில் வயரால் அடித்த தழும்புகள் அவன் முதுகு முழுக்க இருந்தன.

"ஏலாது அண்ணை. முதுகைக் காட்டி இருக்க இடம் கேக்க மாட்டன். வாயால சொல்லுறன், கேக்கட்டும்."

எங்கள் ஊரில் அதிகாரி முன்னால் கசங்கிய உடுப்போடு யாரும் போவதில்லை. வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி, என் டையை வாங்கிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிப் போனான்.

மறுத்துவிட்டார்கள். அடிபட்டவராகத் தெரியவில்லை, நல்ல நிலையில் இருப்பவராகத் தெரிகிறார் என்றார்களாம். உடுப்பைப் பார்த்து ஒரு மனிதனின் கதையைப் பொய் என்றவர்கள் நாசமாய்ப் போகட்டும். அதற்குப் பிறகு முதுகைக் காட்ட அவன் சம்மதித்தான். பார்க்கத்தான் ஆள் இல்லை. கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள்.

அடுத்த கோடையில் இளவரசரும் நாடு திரும்பினார். கோட்டும் டையுமாகத் தொலைக்காட்சியில் வந்தார். லண்டனில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். சட்டை அயன் பண்ண, என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் சொல்லித்தந்தார் என்று நன்றியோடு சொன்னார்.

அந்த மாணவன் கொழும்பில் இறங்கி, இரண்டு பேருக்கு நடுவில் வெளியே நடந்து போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அயன் பண்ணிய வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தானாம். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.