அண்ணன் ஒட்டிய அட்டவணை

அண்ணன் மஸ்கட்டிலிருந்து முப்பது நாள் லீவில் வந்த மறுநாள், பூதலூர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய சார்ட் பேப்பர் ஒன்றை ஒட்டினார். மஸ்கட்டில் அவருக்குக் கட்டடக் கம்பெனியில் திட்டமிடும் வேலை. எது முடிந்தபின் எதைத் தொடங்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று கட்டம் போட்டு எழுதுவார். அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டை விற்று, அம்மாவைத் தஞ்சாவூரிலுள்ள என் வீட்டுக்கு அனுப்பவும் அதே முறையைக் கையாண்டார். வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வெள்ளையடிப்பு, பத்திரப் பதிவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு பெயர். கடைசிக் கட்டத்தில் ‘அம்மா - இடமாற்றம்’ என்றிருந்தது. எதிரே என் பெயர்.

“எது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா பயமே வராது” என்பார். நானோ அந்தத் தாளைப் பார்க்காமலே கூடத்தைக் கடந்து போவேன். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அதன் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பிறகு அடுப்படிக்குப் போய்விடுவாள். கேட்டிருக்க வேண்டியவள் நான். எனக்குத் தைரியம் வரவில்லை.

வாங்குபவர் வீடு பார்க்க வரவேண்டிய காலையில் அம்மாவைக் காணோம். ஊர்க் கால்வாயான புதாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படித்துறைக்கு ஓடினேன். கலங்கிய தண்ணீரில் எதைத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளப் பயமாக இருந்தது. அண்ணன் கரையோடு கத்திக்கொண்டே ஓடினார். எல்லாவற்றுக்கும் நாள் குறித்தவருக்கு, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. “நான்தான், எல்லாம் என்னாலதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்து மணிக்கு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

“எங்கம்மா போன?” என்று கேட்டேன்.

“பத்திரம் எழுதுறவரப் பாக்கப் போனேன். நான் கையெழுத்துப் போடலன்னா விக்க முடியாதாமே?”

அண்ணன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்பா போனப்ப நீ தனியா இருந்த. மூணாம் நாள்தான் என்னால வர முடிஞ்சுது. உனக்கு ஒண்ணுன்னா பக்கத்துல யாருமில்லாம ஆயிடக் கூடாதுன்னுதாம்மா...”

அம்மா அவர் தலையில் கை வைத்தாள். “இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பீரோ, கட்டில் மாதிரி என்னையும் எழுதிட்டியேன்னு நான் பயந்து செத்தேன். கையெழுத்துப் போடுறேன்டா. எப்பன்னு நான் சொல்றேன்.”

லீவு முடிந்து, வீட்டில் தன் பங்கை விற்க எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் கிளம்பினார். அறுவடை முடிந்த தை மாதத்தில் அம்மாவே நாள் சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றே என்னோடு வந்தாள்.

ஆறு வருடம் கழித்து என் வீட்டில் அவள் இறந்தபோதும் அண்ணனால் நேரத்துக்கு வர முடியவில்லை. போனில் ஒன்றுதான் கேட்டார்: “அம்மா பயந்துச்சா?”

“இல்லண்ணா” என்றேன். அது உண்மை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பயந்தது நான்தான்.