ஊதாமல் குடித்தவர்

தென்சீனக் கரையிலிருக்கும் சாந்தௌ துறைமுகத்தில் மீன்வலைக் கடை வைத்திருந்த தான் ஹாக்சுன் என்பவருக்கு ஒரு வறட்டுப் பெருமை உண்டு. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேநீரை ஊதாமல் ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார். தொண்டையில் சுரீர் என்பதே கிடையாது. அந்த ஊரில் விருந்தாளிக்கு ஆறின தேநீர் கொடுத்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி.

வடக்கேயிருந்து வந்த மருமகன் கௌ யோங் அவரிடம் மாட்டிக்கொண்டான். முதல் நாளே கோப்பையை ஊதினான்.

“என்ன மாப்ளே, பால்புட்டி கொண்டாரச் சொல்லவா?”

கடையே சிரித்தது. அந்தக் கேலி வருஷக்கணக்கில் ஓயவில்லை.

பிறகு ஹாக்சுன்னுக்குக் கஞ்சிகூட இறங்காமல் போனது. மருத்துவரம்மாவிடம் தனியாகப் போனார்.

“கட்டி இவ்ளோ பெருசாகுற வரைக்கும் வலிக்கவே இல்லையா?”

“எனக்கு எதுவும் எரியாதும்மா. தொண்டை அப்படி!”

“சுடுது, வலிக்குதுன்னு சொல்றதுக்குன்னே தொண்டையில நரம்பு இருக்குங்க. சுட்டுச் சுட்டே அதை மரத்துப்போக வெச்சுட்டீங்க. அது கத்தியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. இந்தப் புத்துநோய்க்கு அந்தச் சூடுதான் காரணம்.”

வீட்டில் புற்றுநோய் என்று மட்டும் சொன்னார். காரணத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. அத்தனை பேரை நையாண்டி செய்தவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சும் இனிமேல் கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான். பள்ளிக்கூடம் மிதிக்காத மனிதர், எழுதிக் காட்டவும் வழியில்லை.

வீடு திரும்பியதும் அவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மருமகனே தேநீர் ஊற்றினான்.

“பாருங்க மாமா, இப்பல்லாம் நான் ஊதுறதே இல்ல. நீங்க சந்தோஷப்படணும்னு பழகிக்கிட்டேன். முன்ன மாதிரி சுடவும் இல்ல.”

ஹாக்சுன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாவி, இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று தன்னையே சபித்துக்கொண்டார். மருமகனின் கோப்பையை வெடுக்கென்று பிடுங்கி, குனிந்து, வாழ்நாளில் முதன்முறையாக உதட்டைக் குவித்து ஊதினார். காற்று கழுத்துத் துளை வழியே புஸ்ஸென்று போய்விட்டது. கோப்பையில் ஆவி அசையக்கூட இல்லை.

“மோந்து பாக்குறாருய்யா! உடம்பு போனாலும் ஆசை போகல பாரு,” என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். கௌ யோங் அவர் கையிலிருந்த கோப்பையை இரு கைகளாலும் பணிவாக வாங்கினான். அவர் கண்ணெதிரே ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, காலிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான்.