நேற்றைய மீன்

என் மகளுக்குப் புதுச்சேரியில் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவாள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்து, “அப்பா, இன்னைக்கு நீங்க எங்கூட ஊரு சுத்துறீங்க, அவ்வளவுதான்” என்றாள்.

“காரைக்கால்ல நான் பாக்காத எடம் என்ன இருக்கு?”

“நீங்க வேலைக்குப் போற ரோட்ட மட்டும்தான் பாத்திருக்கீங்க.”

அவள் சொன்னது உண்மைதான். கூச்சக்காரனுக்கு ஊர் சிறியது. தெரிந்த டீக்கடை ஒன்று, தெரிந்த நாற்காலி ஒன்று, அவ்வளவுதான் என் காரைக்கால். அவள் என்னை அழைத்துப்போனது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு காபிக் கடைக்கு. தள்ள வேண்டிய கதவை நான் இரண்டு முறை இழுத்தேன். உள்ளே இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. விலைப்பட்டியல் முழுக்க ஆங்கிலம். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இப்படிப்பட்ட இடங்களில் ஒரு தந்திரம் உண்டு: அடுத்தவர் சொல்லும்வரை பட்டியலைக் கவனமாகப் பார்ப்பது, பிறகு “எனக்கும் அதேதான்” என்பது. நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

காபி வந்தது. நுரையின் மேல் ஓர் இலை வரைந்திருந்தார்கள். கலைத்துக் குடிக்கலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பரிமாறிய பெண் கை துடைக்க ஈரக் காகிதம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். உறையைக் கிழித்தேன். எலுமிச்சை வாசனை. என்னை அறியாமலே இரண்டு கைகளும் மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டன.

“என்னப்பா?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல. நல்ல வாசன.”

எலுமிச்சை எனக்கு நல்ல வாசனை இல்லை. இருபது வயதில் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரம், கூட வேலை பார்த்த பாஸ்கர் மூக்கை உறிஞ்சி, “என்னடா இங்க கவுச்சி அடிக்குது, எவன்டா மேட்டுலேருந்து வந்தவன்?” என்று கேட்டான். அவன் வேடிக்கைக்குத்தான் கேட்டான். காரைக்கால்மேடு என்ற மீனவர் ஊரில் பிறந்து வளர்ந்த நான், கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னேன்: “நான் பூவம். அப்பா வெவசாயம்.”

மீன்பிடிக்கிற அப்பாவை ஒரே வரியில் விவசாயி ஆக்கிவிட்டேன். ஆனால் விவசாயம் எனக்கு என்ன தெரியும்? ஒரு நாள் புடவை எடுக்க வந்த பெரியவர் ஒருவர், “பூவமா? குறுவ எப்ப அறுப்பீங்க தம்பி?” என்று கேட்டார். “பொங்கலுக்குங்க” என்றேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது சம்பா தம்பி. ஒங்கப்பா ஒன்ன வயலுக்கே கூட்டிட்டுப் போவலையா?” அன்றிலிருந்து சாயங்காலம் கடை விட்டதும் பூவம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் சைக்கிள் மிதிப்பேன். பாஸ்கர் தலை மறைந்த பிறகு திரும்பி, வேறு தெரு வழியாக ஆற்றைத் தாண்டி வீட்டுக்குப் போவேன். அந்தப் பொய்யால் எனக்குக் காலில் நல்ல பலம் வந்தது.

வீட்டில் அப்பா, நான், அக்கா. அம்மா இறந்ததும் அம்மாவின் மீன் கூடையை அக்கா எடுத்துக்கொண்டாள். என்னைவிட ஆறு வயது பெரியவள். காலையில் அப்பாவின் கட்டுமரம் கரை ஏறியதும் வலையிலிருந்து மீனைக் கழற்ற நானும் உட்காருவேன். “சீக்கிரம் எடுடா டவுனு தொர, மீனு வலையிலயே கெழவனாயிடும்” என்பாள். அந்த ‘டா’வை அவள் சொல்கிற விதமே தனி. கழற்றி முடித்ததும் அவளே எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து என் கையில் வைப்பாள். நகக்கண் எரிய எரியத் தேய்ப்பேன். எதற்கு இப்படித் தேய்க்கிறேன் என்று அவள் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. பாஸ்கரும் நானும் காலையிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ, அப்புறம் ஞாயிற்றுச் சந்தை. துணி, பிளாஸ்டிக் வாளி, பழைய ரேடியோ, கோழிக்குஞ்சு எல்லாவற்றையும் வாங்குகிறவன் மாதிரித் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். பிறகு மரைக்காயர் ஒருவர் கடையில் சுடச்சுடத் தம்ரூட் இனிப்பு. நெய்யும் ரவையும் வறுபடுகிற அந்த வாசனையில் என் கையை நான் மறந்துவிடுவேன். அந்த ஒரு நாள் நானும் டவுன்காரன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர், “வூட்டுக்கு மாமா வர்றாரு, மீன் வாங்கணும், வா” என்றான். எனக்குப் பயமில்லை. அக்கா சந்தையில் உட்காருகிறவள் இல்லை; தெருத் தெருவாகக் கூடை சுமக்கிறவள். ஆனால் அன்று வலையில் சங்கரா மீன் அதிகம் பட்டிருந்ததால் சந்தைக்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது. மீன் வரிசையின் கடைசியில் கூடையை இறக்கி, நனைத்த சாக்கை அப்போதுதான் விலக்கிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. “வா...” என்று ஆரம்பித்தாள்.

நான் முந்திக்கொண்டேன். “சங்கரா என்ன வெலம்மா?”

சொந்த அக்காவை, தெரியாத பொம்பளையைக் கூப்பிடுகிற மாதிரி, அம்மா என்றேன். அவள் பாஸ்கரைப் பார்த்தாள். என் தேய்த்த சட்டையைப் பார்த்தாள். சிரிப்பு போகவில்லை, அப்படியே வியாபாரச் சிரிப்பாக மாறியது.

“வாங்க தம்பி. இப்பத்தான் எறக்குனேன். நீங்கதான் போணி. பாத்து எடுத்துக்குங்க.”

போணி என்றால் உங்களுக்குத் தெரியும். அன்றைய முதல் வியாபாரம். போணிக்கு விலை கேட்டவர் வெறுங்கையோடு போனால் அந்த நாளே கெட்டுவிடும் என்பது எங்கள் ஆட்கள் நம்பிக்கை. கேட்ட விலைக்குக் கொடுத்தாவது அனுப்புவார்கள். மேட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

பாஸ்கர் ஒரு மீனைத் தூக்கி முகர்ந்தான். “நேத்து மீனு மாதிரி இருக்கேடா. நீ என்ன சொல்ற?”

அந்த மீனை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வலையிலிருந்து கழற்றியவனே நான்தான். செவுள் செம்பருத்தி மாதிரி இருந்தது. கண் பளபளத்தது. ‘நல்ல மீனு’ என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று பாஸ்கர் கேட்டுவிடுவானோ என்று பயம்.

“ஆமா. நேத்து மீனுதான். வா, வேற பாக்கலாம்” என்றேன்.

நடந்தோம். பக்கத்துக் கூடைக்காரி சும்மா விடவில்லை. “போணி நேரத்துல வெலயக் கேட்டுட்டுப் போறானுவ பாரு! உருப்புடுவானுவளா?”

“வுடுக்கா” என்றது அக்காவின் குரல். “யாரு பெத்த புள்ளைங்களோ, தெரியாம கேட்டுட்டுப் போவுதுங்க.”

யார் பெற்ற பிள்ளையோ. அதற்குப் பிறகு பாஸ்கர் தம்ரூட் வாங்கிக் கொடுத்தான். தின்றேன். அதுதான் எனக்கு இன்னும் விளங்காதது: தின்றேன், ருசியாகவும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அக்கா தட்டை வைத்தாள். “உக்காருங்க தம்பி. சாப்புடுங்க.” விற்காத சங்கராதான் குழம்பு.

அப்பா சிரித்தார். “என்னடி புதுசா மரியாத?”

“டவுனு வேலக்காரருப்பா. நாமளும் பழகிக்க வேணாமா?”

விளையாட்டுக்கு ஒரு நாள், இரண்டு நாள் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அதற்குப் பிறகு என்னை ‘டா’ என்று கூப்பிடவே இல்லை. அவள் கல்யாணத்தில், அப்பா செத்த வீட்டில், என் கல்யாணத்தில், எங்கும் ‘வாங்க தம்பி’தான். தம்பியை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறாள் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்ச சுபாவம் என்பார்கள். என் பெண்சாதிக்குக்கூட நான் சொன்னதில்லை.

காபிக் கடையிலிருந்து மகளோடு சந்தைக்கு நடந்தேன். “அத்தைக்கு எதாச்சும் வாங்கிட்டுப் போலாம்ப்பா” என்றாள். தம்ரூட் வாங்கினோம். மேட்டில் அக்கா வாசலில் உட்கார்ந்து பேரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்: “டேய், எந்திரிடா!” எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். மகளைப் பார்த்து, “வாடி என் பாண்டிச்சேரி மகாராணி” என்றாள். என்னைப் பார்த்து, “வாங்க தம்பி” என்றாள்.

மகள் உள்ளே தண்ணீர் குடிக்கப் போனாள். முப்பது வருஷமாகச் சொல்ல வேண்டியதை அப்போது சொன்னேன். “அக்கா, அந்தச் சங்கரா... அன்னைக்குக் காலைல வந்த மீனுதான்.”

எந்தச் சங்கரா என்று அவள் கேட்கவில்லை. தம்ரூட் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே, “தெரியுமே தம்பி. கூட ஒக்காந்து நானுந்தானே கழட்டுனேன்” என்றாள். ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். “சாப்புடுங்க.”

அந்த ஜவுளிக்கடை இப்போது இல்லை. பாஸ்கர் திருப்பூர் போனவன், போனவன்தான். சாக்கை விரித்து உட்கார்ந்த மீன் வரிசையும் இல்லை. சிமெண்டு மேடை, எலெக்ட்ரானிக் தராசு என்று ஆகிவிட்டது. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. சந்தையில் அக்கா ஒரு ‘வா’ ஆரம்பித்தாளே, அதன் மிச்சத்தை நான்தான் சொல்ல விடவில்லை. இப்போதும் மேட்டுக்குப் போகும்போதெல்லாம், வாசலை மிதிக்கும்முன் ஒரு நொடி நின்றுதான் போகிறேன். அவள் ‘வா’ என்கிறாள். நான் காத்திருக்கிறேன். ‘ங்க’ என்று முடிக்கிறாள்.